செபஸ்தியாம்பிள்ளையின் மூன்று கோடிக் கிற்றார்

வாவிக்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர்களில் செபஸ்தியாம்பிள்ளையைப்போல நேர்மையானவர் இல்லை என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விடயம். அந்தத் துறையில் ஏலம் கூறுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமும் இல்லை.

வயது ஐம்பத்தொன்பது. மெலிந்த உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத குரல். காலை ஆறு மணிக்குத் தோணிகள் கரைக்கு வந்ததும் அவர் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நிற்பார். அவருடைய ஏலத்தில் விலை மேலிருந்து கீழே இறங்கும். ஒரு பெட்டி இறாலுக்கு இருபதாயிரம் என்று தொடங்குவார். பத்தொன்பது, பதினெட்டு என்று இறங்குவார். எவர் முதலில் “எடுத்தன்” என்கிறாரோ அவருக்குச் சரக்கு. அவசரக்காரன் கூடுதலாகக் கொடுப்பான். பொறுமைசாலி குறைத்து எடுப்பான். மிகப் பெரிய பொறுமைசாலி வெறும் பெட்டியோடு வீட்டுக்குப் போவான். மீன் நிமிடத்துக்கு நிமிடம் பழசாகிற பொருள் என்பதால் விலையும் அதனோடு சேர்ந்து இறங்குவதுதான் நீதி என்பது அவருடைய கொள்கை. ஏலம் கூறுகிறவன் தான் கூறுகிற பொருளைத் தானே எடுக்கக்கூடாது என்பது இன்னொரு கொள்கை. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு நண்டைக்கூட அவர் அப்படி எடுத்ததில்லை. வீட்டுக்கு மீனைச் சந்தையில் காசு கொடுத்துத்தான் வாங்குவார். மனைவி ஜோசப்பின் இதை நேர்மை என்று சொல்வதில்லை. வேறு சொல் வைத்திருந்தாள்.

வருடத்துக்கு ஒருநாள் மட்டும் அவர் ஏலத்தைத் தலைகீழாகக் கூறுவார். அது அந்தோனியார் கோயில் திருவிழா ஏலம். சனங்கள் நேர்ந்துகொண்டு வந்து கொடுக்கும் சேவல், வாழைக்குலை, பூசணிக்காய் எல்லாவற்றையும் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். அங்கே விலை கீழிருந்து மேலே போகும். போன வருடம் சந்தையில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பூசணிக்காய் ஒன்று பதினெட்டாயிரத்துக்குப் போனது. எடுத்தவருக்குப் பூசணிக்காய் பிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரர் பதினேழாயிரத்து ஐந்நூறு கேட்டிருந்தார், அதுதான் காரணம்.

இத்தகைய மனிதரிடம் ஒரு கிற்றாரும் இருந்தது. கப்பலில் சமையல்காரராக இருந்த தாய்மாமன் கொண்டுவந்து கொடுத்தது. செபஸ்தியாம்பிள்ளைக்கு அதில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் நான்கு பிடிகள் தெரியும். முப்பத்தாறு வருடமாகக் கோயில் பாடகர் குழுவில் அந்த நான்கையும் வைத்துக்கொண்டு எல்லாப் பாட்டையும் சமாளித்தார். ஐந்தாவது பிடி தேவைப்படும் இடத்தில் கொஞ்சம் பலமாகப் பாடுவார். மிச்ச நாட்களில் கிற்றார் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஆணியில் தொங்கும். பெட்டியின் கதவைச் சாத்தும்போதெல்லாம் மெல்ல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் கதவு சரியாகச் சாத்தியது என்று அர்த்தம். ஜோசப்பின் கண்ட ஒரே பயன் அது.

சனி பிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆசிரியையாக இருக்கும் மகள் மேர்லின் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “அப்பா, இத கேளுங்க,” என்றாள். “ஸ்பெயின்ல ஒருத்தர் நூத்தி முப்பது வருசத்துக்கு முதல் செஞ்ச கிற்றாராம். ஏலத்தில லட்சம் டொலருக்கு மேல போயிருக்கு.”

“லட்சம் டொலர் எண்டா நம்மட காசுக்கு?”

“மூண்டு கோடி.”

செபஸ்தியாம்பிள்ளை நம்பவில்லை. நேற்றைய இறாலுக்கு இன்றைக்கு அரைவிலை. அப்படியிருக்க நூற்று முப்பது வருடப் பழசுக்கு மூன்று கோடியா? “ஆரோ எழுத்துப் பிழை விட்டிருக்கான் புள்ள,” என்றார். ஆனாலும் எழுந்துபோய்க் கிற்றாரை இறக்கி, ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தில் முக்கால்வாசியைப் பூச்சி தின்றிருந்தது. மிஞ்சியிருந்தது ‘ஸ்பெயின்’ என்ற ஆங்கிலச் சொல்லும், ‘பதினெட்டு’ என்ற இலக்கமும்.

“பதினெட்டாம் ஆண்டோ, ஆயிரத்தி எண்ணூத்திச் சொச்சமோ,” என்றார் குரலைத் தாழ்த்தி. அந்தக் குரலுக்குத் தாழவும் தெரியும் என்பது அன்றைக்குத்தான் வீட்டாருக்குத் தெரியவந்தது.

மேர்லின் லண்டனில் உள்ள ஓர் ஏல நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. படங்கள் வேண்டும், யார் யாரிடம் இருந்தது என்ற வரலாறு வேண்டும், முன்னர் எங்காவது ஏலத்தில் போயிருந்தால் அந்த விலை தெரிந்தால் உதவியாக இருக்கும்.

கடைசி வரியில் செபஸ்தியாம்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். உலகத்தில் எத்தனையோ பேரிடம் பழைய கிற்றார் இருக்கலாம். அவர்களில் எத்தனை பேர் ஏலம் கூறுகிறவர்கள்?

திட்டம் இதுதான். திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. கிற்றாரை நேர்ந்து ஏலத்துக்கு விடுவது. பூசணிக்காய் அறுபது மடங்கு ஏறியது. புதுக் கிற்றார் ஒன்று பட்டினத்துக் கடையில் இருபத்தையாயிரம். அறுபதால் பெருக்கினால் பதினைந்து லட்சம். கோயில் முத்திரை குத்திய பற்றுச்சீட்டு லண்டனுக்குப் போகும். சரி, எடுத்தவர் கிற்றாரைக் கொண்டுபோய்விட்டால்? அதற்குத்தான் அந்தக் கோயில் பங்கில் ஒரு வழக்கம் இருந்தது. பிழைப்புப் பொருளை ஒருவர் நேர்ந்து கொடுத்தால், ஏலத்தில் எடுக்கிறவர் காசைக் கோயிலுக்குக் கட்டிவிட்டுப் பொருளை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். போன வருடம் தையல்காரி கஜானி தன் மெசினை அப்படி விட்டாள். நாற்பதாயிரத்துக்கு எடுத்த கடைக்காரர் அதே இடத்தில் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். வைத்துக்கொள்வது பாவம்.

“மெசின் அவளுக்குச் சோறு போடுது,” என்றாள் ஜோசப்பின். “கிற்றார் உங்களுக்கு என்ன போட்டது?”

“நீ பொறுத்துப் பார்.”

“இந்தச் சொல்லக் கேட்டுக் கேட்டுத்தான் முப்பத்தொரு வருசம் போயிருக்கு.”

விடயம் பரம ரகசியமாக வைக்கப்பட்டது. ஜோசப்பின் அதைத் தம்பி றொனால்டிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள். றொனால்ட் கோயில் பங்குச் சபைத் தலைவர். தொழில், ஐஸ்கட்டி வியாபாரம். கையில் எது கிடைத்தாலும் பொழுது சாய்வதற்குள் உருகி ஊரெல்லாம் ஓடிவிடும்.

திருவிழா ஏலத்தில் சேவல்கள் போயின, வாழைக்குலைகள் போயின. பிறகு செபஸ்தியாம்பிள்ளை கிற்றாரை இரு கையாலும் உயர்த்திப் பிடித்து, “ஆயிரம் ரூபா,” என்று தொடங்கினார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“ஆயிரம். ஆரும் ஆயிரம் கேக்க இல்லையா?”

மூன்று கோடி ரூபாய்ப் பொருளை ஆயிரத்துக்குக் கேட்டால் அந்தோனியார் என்ன நினைப்பார் என்று சனம் பயந்து நின்றது. சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். இப்படியும் ஒரு தியாகியா? வாவிக்கரையில் மரப்பெட்டிமேல் நின்று கத்துகிற மனிதனுக்குள் இப்படியொரு விசுவாசமா?

றொனால்ட் மேடையேறி ஒலிவாங்கியை வாங்கினார். “அன்பான பங்கு மக்களே, மூண்டு கோடிச் சாமான என்ட அத்தான் புனிதருக்குக் காணிக்கையாக் கொண்டு வந்திருக்கார். அத நாம பூசணிக்காயப்போல கூவி விக்கிறதா? கோயிலே ஏற்றுக்கொள்ளும். லண்டனுக்கு அனுப்பி வித்து, கூரையப் புதுசாப் போடுவம்.”

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த இளம் பாதர், திறந்திருந்த கதவினூடாக உள்ளே மழைநீர் ஒழுகிக் கறுத்திருந்த கூரையைப் பார்த்து, நன்றியோடு கண்ணை மூடினார். செபஸ்தியாம்பிள்ளையின் கழுத்தில் மாலை விழுந்தது. மாலை போட்ட கழுத்தோடு “தாங்க, அது என்ட” என்று சொன்ன மனிதன் சரித்திரத்தில் இல்லை. அவர் ஒலிவாங்கியில் “நன்றி” என்றார்.

கிற்றார் கோயில் அலுமாரிக்குள் போனது. அதைப் பூட்டிய திறப்பு றொனால்டிடம்.

அடுத்த ஞாயிறு பாடகர் குழுவில் அவர் வெறுங்கையோடு நின்றார். முதல் பாட்டில் கைகளைப் பின்னால் கட்டினார். அது பொலிஸ்காரன் நிற்பதுபோல இருந்தது. இரண்டாவது பாட்டில் முன்னால் கட்டினார். மரண வீட்டுக்கு வந்தவர்போல இருந்தது. காணிக்கைப் பாட்டில் இடக்கை விரல்கள் தாமாகவே வேட்டி மடிப்பை அழுத்திப் பிடித்து நான்கு பிடிகளையும் போட்டன. பக்கத்தில் நின்று பாடிய பெண் கொஞ்சம் தள்ளி நின்றாள். வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவைச் சாத்தினார். ஒரு சத்தமும் வரவில்லை. திரும்பத் திறந்து சாத்தினார்.

“அது சாத்தித்தான் கிடக்கு,” என்றாள் ஜோசப்பின்.

அன்று பிற்பகல் அவர் மேர்லினிடம் போய் நின்றார். “புள்ள, அந்த லண்டன்காரனுக்கு வடிவா எழுது. உள்ளதச் சொல்லச் சொல்லு. பெறுமதியில்லாட்டி இல்லையெண்டு சொல்லச் சொல்லு. இல்லையெண்டு சொன்னா நல்லம்.”

மூன்று கோடி வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் மட்டக்களப்பில் பலர் உண்டு. மூன்று கோடி தன்னிடம் இல்லை என்று நிரூபிக்க அலைந்தவர் அவர் ஒருவரே.

றொனால்ட் பக்கத்தில் நின்று பார்க்க, அலுமாரிக்கு முன்னால் வைத்துப் படம் எடுக்கப்பட்டது. பதில் வந்தது. மேர்லின் வாசித்தாள்: தொழிற்சாலையில் செய்தது, வயது ஐம்பதுக்குள், பதினெட்டு என்பது மாதிரி இலக்கம், ஏலப் பெறுமதி எதுவும் இல்லை, நீங்கள் வாசித்து மகிழலாம். செபஸ்தியாம்பிள்ளை கடவுளுக்கு நன்றி சொன்னார். கடிதத்தை அச்செடுத்து, வேட்டியை மாற்றிக்கொண்டு, பங்குச் சபைக் கூட்டத்துக்குப் போனார்.

றொனால்ட் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சிரித்தார்.

“அத்தான், நீங்கதான் எங்களுக்குப் படிப்பிச்சது. ஏறாவூர் ஷாமில் நானா துறைக்கு வந்து இறால விரலால அமத்திப் பாத்து, ‘மெத்துப்போச்சு’ எண்டு சொன்னா என்ன அர்த்தம்?”

செபஸ்தியாம்பிள்ளை கடிதத்தை வாங்கி மடிக்கத் தொடங்கினார்.

“சொல்லுங்க அத்தான்.”

“எடுக்கப்போறான் எண்டு அர்த்தம்.”

“லண்டன்காரன் என்ன எழுதியிருக்கான்?”

சபை ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியது. குறை சொல்கிறவன்தான் வாங்க வந்தவன் என்பது கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். இவ்வளவு குறை சொல்லியிருக்கிறான் என்றால் எவ்வளவு ஆசை இருக்க வேண்டும்? பெறுமதி அந்தக் கூட்டத்திலேயே ஐந்து கோடியாக உயர்ந்தது.

“வாசித்து மகிழட்டாமே,” என்றார் ஓர் உறுப்பினர். “வாசிச்சாத்தானே தேஞ்சு விலை விழும். கள்ளன்.”

செபஸ்தியாம்பிள்ளை கதிரையிலிருந்து எழுந்தார். எட்டுப் பத்துப் பேர் கொண்ட கூட்டத்தில் துறைக்குரலில் பேசினார். “சரி. அஞ்சு கோடி எண்டு நீங்க சொல்லுறீங்க. சாமான் கோயில்ட. நான் இல்லையெண்டு சொல்ல இல்ல. வித்துப் போடுவம். ஆனா லண்டன்காரன்ட கள்ள விலைக்கு வேணாம். நம்மட துறையில, பட்டப்பகலில, கையில காசு வெச்சிருக்கிற ஆளுக்கு. நான் கூறுறன். அஞ்சு கோடியில தொடங்குறன்.”

ஐந்து கோடியில் தொடங்குவது றொனால்டுக்கு நியாயமாகப் பட்டது. கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று வாட்ஸ்அப்பில் போட்டார். பாதர் எடுத்து வைத்திருந்த கூரைச் செலவு மதிப்பீடு நான்கு லட்சம். அதற்குமேல் வருவதெல்லாம் ஆண்டவர் விருப்பம்.

அன்று வீட்டில் செபஸ்தியாம்பிள்ளை ஜோசப்பினுக்கு முன்னால் உட்கார்ந்தார். “நான் கூறுற ஆள். நான் எடுக்க ஏலா. நீதான் எடுக்கணும்.”

“எவ்வளவுக்கு?”

“எவ்வளவுக்கெண்டாலும்.”

“அது உங்கட காசா?”

இல்லை. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்குப் பற்றிஸ் பொரித்துக் கொடுத்து அவள் சேர்த்த காசு. அவர் தலையைக் குனிந்தார்.

“வாறன்,” என்றாள். எடுக்கிறேன் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை துறை நிறைந்திருந்தது. கொழும்பிலிருந்து ஒருவரும் வரவில்லை. இறால் பெட்டிகளுக்கும் நண்டுக் கூடைக்கும் நடுவில், வெள்ளைத் துணி விரித்த பெட்டியில் கிற்றார் கிடந்தது. பாதர் நிழலில் நின்றார். ஜோசப்பின் சந்தைப் பையோடு நண்டுக் கூடைக்குப் பக்கத்தில் நின்று நண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு கோடி,” என்று செபஸ்தியாம்பிள்ளை தொடங்கினார்.

சபைத் தீர்மானப்படி லட்சம் லட்சமாக இறங்க வேண்டும். நாலு கோடியே தொண்ணூற்றைந்து லட்சத்தில் நிற்கும்போது ஷாமில், “செவத்தி அண்ணன், என்ட ஐஸ் உருகுது. முதல்ல இறாலக் கூறுங்க, இல்லாட்டிக் கோடியக் கெதியா முடிங்க,” என்றார். ஐஸ் றொனால்டிடம் வாங்கியது என்பதால் றொனால்டும் அவசரப்பட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு கோடிகள் மளமளவென்று விழுந்தன. அந்தக் கரையில் அவ்வளவு பணம் அவ்வளவு வேகமாகக் குறைந்ததை எவரும் கண்டதில்லை.

ஒரு லட்சத்தில் அவர் நிறுத்தினார். “றொனால்ட். ஒரு லட்சம். அஞ்சு கோடிச் சாமான் ஒரு லட்சத்துக்குக் கிடக்கு. எடுத்தா நாலு கோடித் தொண்ணூத்தொம்பது லட்சம் லாபம்.”

றொனால்ட் தன் செருப்பைப் பார்த்தார். “காசு பேங்கில கிடக்கு அத்தான்.”

“சபையில வேற ஆரும்?”

சபை முழுவதும் வாவியைப் பார்த்தது. அன்றைக்கு வாவி விசேஷ அழகாக இருந்திருக்க வேண்டும்.

ஐம்பதாயிரம். இருபதாயிரம். பத்து. ஐந்தாயிரத்துக்கு வந்ததும் செபஸ்தியாம்பிள்ளை ஜோசப்பினைப் பார்த்தார். அவள் ஒரு நண்டைப் புரட்டிப் பார்த்தாள். நாலாயிரத்து ஐந்நூறு. நாலாயிரம். மூவாயிரம் என்று சொன்னபோது ஷாமில் எழுந்துவந்து கிற்றாரின் முதுகைக் கட்டைவிரலால் அமத்தினார்.

“மெத்துப்போச்சு,” என்றார்.

கூட்டம் அசைந்தது. ஷாமில் எடுக்கப்போகிறார்.

“ரெண்டாயிரத்து ஐந்நூறு,” என்றார் செபஸ்தியாம்பிள்ளை. ஜோசப்பின் அசையவில்லை. “ரெண்டாயிரம்.” அவள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். பணப்பையை எடுக்கவில்லை. “ஆயிரத்து எண்ணூறு.” ஷாமிலின் கை சட்டைப்பையிலுள்ள பேனையை நோக்கிப் போனது. பேனையைத் தொட்டால் அவர் “எடுத்தன்” சொல்லப்போகிறார் என்று துறைக்கே தெரியும்.

“ஆயிரத்து...”

முப்பத்திரண்டு வருடத்தில் முதல்தரமாக செபஸ்தியாம்பிள்ளையின் ஏலம் நடுவில் நின்றது. அவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. நீண்ட, விரிவான, பல கிளைகளையுடைய இருமல். வாயைப் பொத்திக்கொண்டு, விரல்களுக்கு மேலால் ஜோசப்பினையே பார்த்துக்கொண்டு இருமினார். வாழ்நாள் நேர்மை அனைத்தும் அந்த இருமலோடு வெளியே வந்து வாவியில் விழுந்தது.

அவர் இன்னொருதரம் மூச்சை இழுத்தபோது ஜோசப்பின் சொன்னாள்: “ஆயிரத்தி நானூத்தம்பது. எடுத்தன்.”

“ஒருதரம் ரெண்டுதரம் மூண்டுதரம்,” என்று அவர் ஒரே மூச்சில் முடித்தார்.

“அண்ணன்,” என்றார் ஷாமில் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, “நீங்க இன்னும் ஆயிரத்தி நானூத்தம்பதெண்டே சொல்ல இல்லையே.”

“சொன்னன்.”

“எப்ப?”

“இருமலுக்குள்ள.”

ஷாமில் அவரைப் பார்த்தார், ஜோசப்பினைப் பார்த்தார், பிறகு பேனையைச் சட்டைப்பையில் செருகினார். “சரி. அக்காட்டக் குடுங்க. கடையில தொங்கவிடலாமெண்டு பாத்தன். இனி இறாலக் கூறுங்க. இருமாமக் கூறுங்க.”

பாதர் ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய்க்கு முத்திரை குத்திய பற்றுச்சீட்டு எழுதினார். ஜோசப்பின் நீட்டிய ஆயிரத்து ஐந்நூறில் ஐம்பது ரூபாய் மிச்சம் கொடுக்கச் சில்லறை இல்லாததால் அதையும் கோயிலுக்கே விடும்படி கேட்டார். ஜோசப்பின் விடவில்லை. நண்டுக்காரனிடம் மாற்றி வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள். கிற்றாரை முச்சக்கரவண்டியில் தன் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலை செபஸ்தியாம்பிள்ளை வெள்ளை வேட்டி கட்டி, தலை வாரி, ஆணியிலிருந்து கிற்றாரை இறக்கினார்.

“இஞ்ச பாருங்க,” என்றாள் ஜோசப்பின் குசினிக்குள்ளிருந்து. “என்ட கிற்றார எங்க கொண்டு போறீங்க?”

“கோயிலுக்கு.”

“ஆரக் கேட்டீங்க?”

அவர் கிற்றாரைப் பிடித்தபடி நின்றார். முதல் மணி அடித்தது. மேர்லின் வாசல் படலையில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“கொண்டு போகட்டா?” என்றார்.

எண்ணெய்ச் சட்டியில் பற்றிஸ் பொரிந்தது. ஜோசப்பின் ஒன்றைப் புரட்டினாள். அடுத்ததைப் புரட்டினாள். மூன்றாவதையும் புரட்டினாள்.

“கொண்டு போங்க,” என்றாள். “கோயில்ல அந்த ஒழுகுற இடத்துக்குக் கீழ மட்டும் நிக்காதீங்க. நனஞ்சா நீங்க வாங்கித்தர ஏலாது.”